பெரட்டுக் களத்து டைம்

ஆங்கில அகராதியில் 'டைம்' என்ற சிறு சொல்லுக்கு நேரே கொடுத்திருக்கும் அர்த்தங்களைப் படிக்கத் தொடங்கினால், காலம், பொழுது, வேளை, தடவை, யுகம், அவகாசம், தாளகதி, சிறைவாசம் என்று அது நீண்டுகொண்டே போய், படிக்கிறவனுக்குப் பாதியிலேயே அலுப்புத் தட்டிவிடும். அப்படிப்பட்ட அகராதி எதுவும் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை. சொல் மட்டும், வெள்ளைக்காரத் துரையின் சட்டைப்பைக் கடிகாரத்தோடு மலையேறி வந்து, எழுத்தறியாத என் அப்பாயியின் வாயில்கூட, அந்த அர்த்தங்களில் முக்கால்வாசியோடு குடியேறிவிட்டது. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில், பிற்காலத்தில் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்து நிறைந்த பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் இருந்த அந்தத் தோட்டத்தில், நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் சிறுவனாக இருந்த நான், பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே பிழையின்றிப் பிரயோகிக்கக் கற்றுக்கொண்ட ஒரே ஆங்கில வார்த்தை அதுதான்.

வீட்டில் நேரம் என்ற சொல்லும் இருந்தது. ஆனால் அதற்கு உத்தியோகம் வேறு. பிள்ளை பிறந்தது நல்ல நேரத்தில். பசு செத்தது கெட்ட நேரத்தில். பெண் கேட்டுப் போவதற்கும், புது அடுப்புப் போடுவதற்கும், இந்தியாவிலிருந்த பூர்வீக ஊருக்குப் பயணம் புறப்படுவதற்கும் பெரியவர்கள் நேரம் பார்த்தார்கள். வேலைக்குப் போவதற்கு மட்டும் யாரும் நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது டைம். இந்தப் பாகுபாட்டை எந்த வாத்தியாரும் வகுத்துக் கொடுக்கவில்லையாயினும், கிரகங்களும் குலதெய்வமும் கொடுப்பதற்கு ஒரு பெயர், தோட்டம் எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு பெயர் என்று வைத்துக்கொண்டதைப் போல, எங்கள் ஜனங்கள் அதைப் பிசகாமல் கடைப்பிடித்து வந்தார்கள்.

டைம் எங்களிடம் காது வழியாகத்தான் முதலில் வந்தது. மலை முகடு இருட்டுக்குள்ளிருந்து பிரிந்து தெரிவதற்கு முன்பே, லயத்து முனையில் நின்று ஒருவர் தப்பு அடிப்பார். அந்த ஓசை பனியில் நனைந்த தகரக் கூரைகளின் மேல் உருண்டு, காம்பரா காம்பராவாக நுழைந்து, கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் உடம்புகளை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு போகும். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை எழுதிய போதும் அந்தத் தப்பொலியை விட்டுவிட்டு எழுத அவரால் முடியவில்லை. மலைநாட்டில் பிறந்த எவனாலும் முடியாது. தப்புக்குப் பிறகு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு; சங்குக்குப் பிறகு பெரட்டு.

பட்டாளத்துக்காரர்களின் 'பரேட்' என்ற சொல் எங்கள் வாயில் புகுந்து பெரட்டு என்று ஆகிவிட்டது என்பார்கள். ஆள் பிரித்து வேலை கொடுக்கும் களத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். கம்பளிக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடை தொங்கப் பெண்கள் ஒரு பக்கமும், மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியுமாக ஆண்கள் ஒரு பக்கமும் அங்கே நிற்க, கணக்கப்பிள்ளை ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கடிகாரமுமாக நடுவில் நிற்பார். எங்கள் டிவிஷன் கணக்கப்பிள்ளையின் கடிகாரம் வெள்ளிச் சங்கிலி கோத்தது. அதன் கண்ணாடியில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒரு கீறல் ஓடியிருந்தது. முள் குறித்த இடத்துக்கு வந்ததும் மூடியைச் சாத்துவார். அந்தச் சின்ன 'டக்' ஓசை, களத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்; அதற்கப்புறம் ஓடி வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "டைம் போயிருச்சு, திரும்பிப் போ."

ஒரு மழைக்காலத்து விடியலில் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டிருந்ததனால், அவனுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு ஓடிய அம்மாவும் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்குப் பேரு போச்சு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாளே தவிர, கணக்கப்பிள்ளையைத் திட்டவில்லை. அவள் திட்டாதது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அதே கணக்கப்பிள்ளை எங்கள் வீட்டுச் சேவலைப் பிடித்துக்கொண்டு போனபோது அவள் மூன்று லயத்துக்குக் கேட்கும்படி திட்டியிருக்கிறாள்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் 'பேர்' என்ற சொல் விளங்காது. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் ஒருவன் பெயர் விழுந்தால் அது ஒரு பேர். கூலியும் அதுதான், நாளும் அதுதான், ஆளும் அதுதான். கொழுந்து குறைந்தாலோ, இடையில் மழை விழுந்து வேலை நின்றாலோ அரைப்பேர். மாதம் முடிந்ததும் ஒருவரை ஒருவர் "இந்த மாசம் எத்தனை நாள் வேலை செஞ்சே?" என்று கேட்பதில்லை, "எத்தனை பேரு விழுந்திச்சு?" என்றே கேட்பார்கள். பேர் விழாத நாள் கணக்கில் இல்லாத நாள். ஆக, கடிகாரத்து டைம் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது; அது புத்தகத்துக்குள் போய்ப் பேராக மாறி, மாதக் கடைசியில் அரிசிக்கும் மாவுக்கும் பிடித்தது போக மிச்சம் சில ரூபாயாகத் திரும்பி வந்தது.

மலையில் ஏறிய பிறகு நாள் முழுவதும் டைம் பல துண்டுகளாக விழும். காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் கொழுந்து நிறுக்கும் டைம்; அந்த மூன்றுக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு இறங்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பவர்களைவிடக் கணக்கப்பிள்ளையின் உதட்டைப் பார்ப்பவர்களே அதிகம். ஈரத்துக்கு என்றும், கூடைக்கு என்றும் கழித்த பின் அவர் வாயிலிருந்து என்ன எண் வரும் என்பதல்லவா முக்கியம்! இவற்றுக்கு நடுவில், கைக்குழந்தைக்காரிகளுக்குப் பால் டைம் என்று ஒன்று. பிள்ளைக் காம்பராவில் ஆயாக் கிழவியின் மேற்பார்வையில் ஏணைகளில் அழுதுகொண்டிருக்கும் சிசுக்களைத் தேடி, மார்புச் சேலை நனைய நனைய அவர்கள் ஒற்றையடிப் பாதையில் ஓடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குப் பசிக்கும் வேளையும் தோட்டம் கொடுத்த பால் டைமும் ஒன்றாக இருந்த தினங்கள் குறைவு. குழந்தைதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆண்களின் நாள் வேறு விதம். முள்ளுக்குத்துவதோ, கவ்வாத்து வெட்டுவதோ, கான் வெட்டுவதோ கணக்கு வேலையாகக் கொடுக்கப்பட்டதனால், சுறுசுறுப்பானவன் மத்தியானம் ஒரு மணி இரண்டு மணிக்கெல்லாம் முடித்துக்கொண்டு லயத்துக்கு வந்து, குளித்து, கோயில் திண்ணையில் தாயக்கட்டம் போட்டுவிடுவான். பெண்கள் கொழுந்தோடு மலையில் அந்தி வரை நிற்பார்கள். அப்படி இருந்தும் பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குக் கீழேதான் வெகு காலம் இருந்தது. இரண்டும் சமமானது 1984இல். அம்மாவின் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே கழிந்துவிட்டது.

அப்பா மலையில் வேலை செய்தவர் அல்லர். ஸ்டோரில் ரோலர் அறையில் இருந்தார். அங்கே டைம் என்பதற்கு முற்றிலும் வேறான அர்த்தம் என்பதை, இரவில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் தெரிந்துகொண்டேன். பகலில் பறித்த கொழுந்து மேல்மாடிகளில் சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் இரவெல்லாம் வாடிக் கிடக்கும். வெளியே மழைப்பனி என்றால் வாடுவதற்கு அதிக அவகாசம் வேண்டும், வறண்ட காற்று என்றால் சீக்கிரம் ஆகிவிடும். நடுச்சாமத்துக்கு மேல் ரோலர்கள் ஓடத் தொடங்கும். கொழுந்து கசங்கிச் சாறு வெளிப்பட்ட கணத்திலிருந்து அதற்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. பச்சை மங்கி, புதுச் செப்புக்காசின் நிறம் ஏறி, பச்சிலை நெடி போய்ப் பழ வாசனை ஒன்று எழும்பும் அந்தச் சந்தியில் பிடித்து அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் சாயத்தில் பச்சைக் காரம் நிற்கும். பிந்தினால் சாயம் தட்டையாகிப்போகும். சுவரில் பெரிய கடிகாரம் ஒன்றும், எந்த ரோலர் எப்போது தொடங்கியது என்று சுண்ணக்கட்டியால் குறித்த பலகை ஒன்றும் இருந்தனவென்றாலும், டீமேக்கர் அவற்றை முழுதாக நம்பினவர் அல்லர். ஒரு பிடி இலையை அள்ளி, உள்ளங்கையில் அமுக்கி உருண்டையாக்கி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். அப்பாவும் பக்கத்தில் நின்று மூக்கை நீட்டுவார். "டைம் வந்திருச்சா?" என்று அவர் கேட்பது கடிகாரத்தைப் பற்றியே அல்ல. தோட்டத்தில் துரையின் உத்தரவுக்குக் கட்டுப்படாத டைம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கொழுந்தின் டைம்தான். துரையே நடுச்சாமத்தில் போர்வையோடு வந்து, அதற்காகக் காத்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் போக, எங்கள் ஜனங்களிடம் டைம் என்றால் சகாப்தம் என்றும் ஒரு பொருள் இருந்தது. வரலாற்று ஆசிரியர்கள் ஆண்டைச் சொல்லும் இடத்தில் இவர்கள் டைமைச் சொன்னார்கள். சண்டை டைம், எலெக்ஷன் டைம், பழைய தொரை டைம், மாவுக்கு வரிசையில் நின்ற பஞ்ச டைம், பிற்காலத்தில் கலவர டைம். என் தாத்தா இலங்கைக்கு வந்தது 'ரயிலும் கப்பலும் சேந்த டைம்'. தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் ரயிலோடு இணைத்துக் கப்பல் விட்டது 1914இல் என்று பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா பிறந்தது 'பெரிய காய்ச்சல் டைம்'. அது 1918ஆம் வருஷத்து விஷ ஜுரம். இந்த முறையில் ஒரு குறையும் இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. லயத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அத்தனை டைமும் தெரிந்திருந்தது. எது முந்தி, எது பிந்தி என்பதில் ஒருநாளும் சர்ச்சை வந்ததில்லை.

குறை இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியது அரசாங்கம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை வெளியே நிறுத்தியபின், 1949இல் வந்த இன்னொரு சட்டம், இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் வசித்ததை நிரூபித்தால் பிரஜையாகலாம் என்று ஒரு வழியைக் காட்டியது: 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னால், விவாகமானவர்களுக்கு ஏழு வருஷம், மற்றவர்களுக்குப் பத்து வருஷம், இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. முதலில் பகிஷ்கரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த தொழிற்சங்கம் பிறகு மனம் மாறியதனால், கடைசி மாதங்களில் தோட்டத்துக் கிளார்க்குகளின் ஜன்னல்களிலும், ஹட்டன் பட்டணத்து எழுத்துக்காரர்களின் திண்ணைகளிலும் ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு நின்றார்கள். 'டைம் முடியப் போவுது' என்ற பேச்சு, பெரட்டுக்களத்தைத் தாண்டி வேறோர் அர்த்தத்தில் எங்கள் லயத்தில் அடிபட்டதை நான் கேட்டது அப்போதுதான்.

தாத்தாவும் போட்டார். விசாரணை அதற்குச் சில வருஷங்கள் கழித்து வந்தது. அதற்குள் எனக்கு விவரம் தெரியும் வயசாகிவிட்டதனால் அவருக்குத் துணையாக நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் துபாஷி மூலம் கேள்வி கேட்டார். எப்போது வந்தாய்? ரயிலும் கப்பலும் சேர்ந்த டைம். வருஷம் தெரியாதா? தெரியாது. இடையில் இந்தியாவுக்குப் போனாயா? போனேன், மகள் கல்யாணத்துக்கு. எவ்வளவு காலம் இருந்தாய்? தாத்தா கொஞ்சமும் தயங்காமல், "ரெண்டு அறுப்புப் பாத்துட்டு வந்தேங்க" என்றார். துபாஷி அதை இரண்டு வருஷம் என்று ஆங்கிலத்தில் சொல்ல, உத்தியோகத்தர் இரண்டு வருஷம் என்று எழுதிக்கொண்டார். தாத்தாவின் கிராமம் லால்குடிப் பக்கம். காவிரிப் பாய்ச்சலில் குறுவையும் தாளடியும் ஒரே வருஷத்துக்குள் அறுத்து முடிந்துவிடும். அவர் இருந்தது எட்டு மாதத்துக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளப்பட்டது.

அன்று எனக்குத் தோன்றாத ஒரு விஷயம் பிற்பாடு, நானே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாகி வரவு இடாப்புக் குறிக்கத் தொடங்கிய பிறகு தோன்றி, இன்றைக்கும் மனத்தை விட்டுப் போகாமல் இருக்கிறது. தாத்தாவின் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டே இருந்தது. எந்த நாள் பேர், எந்த நாள் அரைப்பேர், எந்த நாள் ஆள் இல்லை என்று முப்பது வருஷத்துக்கு மேல் பெரட்டுக்களத்தில் குறித்து, மாதாமாதம் ஆபீசுக்கு அனுப்பினார்கள். நிமிஷக் கணக்கில் டைம் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்கள் அல்லவா! அந்தச் செக்ரோல்களில் சம்பந்தப்பட்ட வருஷத்தைப் புரட்டினால் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்கலாம். பழையவை கரையான் அரித்துப் போயின என்று தோட்டத்து ஆபீசில் பதில் சொன்னார்கள். தோட்டத்துக்கு எங்கள் நாட்களின் பேரில் இருந்த அக்கறை சம்பளம் போட்டு முடிந்த அன்றோடு தீர்ந்துவிட்டது என்பதைத் தவிர, அந்தப் பதிலில் வேறு பொருள் எதையும் என்னால் காண முடியவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, அதை முடிக்கப் பதினைந்து வருஷ அவகாசம் வைத்தது. எங்கள் குடும்பத்திலும் பங்கீடு நடந்தது. அப்பா இங்கே, சித்தப்பா அங்கே. இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டவர்களுக்குக் கடிதம் வரும் வரை ஒரு காத்திருப்பு. "உங்களுக்கு டைம் வந்தாச்சா?" என்று தண்ணீர்ப் பீலியில் ஒருத்தியை ஒருத்தி கேட்டால், அது கப்பலுக்கான டைம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்தி சட்டிபானைகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, அம்மிக்கல்லை மட்டும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அங்கே அம்மி இருக்காதா என்று கேட்டதற்கு, இருக்கும், இது பழகின அம்மி என்றாள். ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிட்டு நாங்கள் நின்றபோது அங்கே எழுந்த அழுகையை எழுத எனக்கு மனமில்லை. மலைநாட்டு எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு ஓடிய கப்பல் 1984இல் நின்றுபோகும் வரை அந்த அழுகையும் ஓயவில்லை.

அந்த ஸ்டேஷனைப் பற்றி இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருஷம் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காக என்றாலும், கடிகாரம் வாங்க வக்கில்லாத லயங்களுக்கு ரயிலே கடிகாரமாகவும் இருந்தது. 1956இல் உடரட்ட மெனிக்கே ஓடத் தொடங்கிய பிறகு, எதிர்மலையில் அது வளைந்து போகும் சத்தத்தை வைத்து உலை வைத்தவர்கள் உண்டு. பாதையில் மண் சரிந்து ரயில் பிந்திய நாட்களில் சோறும் பிந்தியது. வானொலிப் பெட்டி பரவலான பின், இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பும் வழக்கம் வந்து, மெனிக்கேக்கு இருந்த மதிப்புச் சற்றுக் குறைந்தது.

டைமை மாற்றுவதற்கும் அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்பதைச் சண்டை டைமிலேயே எங்கள் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். 1906 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த கடிகாரத்தை 1942இல் முதலில் அரை மணியும் பிறகு இன்னும் அரை மணியும் முன்னே தள்ளி, 1945இல் திரும்ப இழுத்தார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாட்டுக் கடிகாரத்துக்கு ஒரு மணி முந்திய தோட்டக் கடிகாரம் ஒன்று தனியாகவே உண்டென்று பிற்காலத்தில் அறிந்தபோது, துரைமார்களுக்கு விடியற்காலத்தின் மேல் இருந்த மோகம் எல்லைகளைக் கடந்தது என்று எண்ணிக்கொண்டேன். 1966இலிருந்து 1971 வரை இன்னொரு வேடிக்கை நடந்தது: ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு, சந்திரனின் கால் பங்குக்கு ஒரு போயா என்று லீவு வைத்ததனால், ஒரு வாரம் ஏழு நாளாகவும் இன்னொரு வாரம் எட்டு நாளாகவும் வரும். என் மாணவர்களுக்கு ஒரு வாரத்துக்கு ஏழு நாள் என்று கணக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு, சுவர்க் கலண்டரை நான் அவர்கள் கண்ணில் படாமல் திருப்பி மாட்டினேன்.

ஆனால் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது 1996. மழை பொய்த்து, எங்கள் காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் வற்றியதனால் நாடே மின்சாரமின்றித் தவித்த அந்த வருஷம், விளக்கெரிக்கும் செலவை மிச்சப்படுத்துவதற்காக மே 25ஆம் திகதி கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளச் சொல்லி உத்தரவு பிறந்தது. மவுஸ்ஸாக்கலையில் நீர் இறங்கினால், அறுபதுகளின் கடைசியில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். அதைப் பார்க்கப் போகும் கூட்டத்தோடு நானும் அடிக்கடி போவதுண்டு. நீர் இறங்கினால் டைம் ஏறும் என்பது யாரும் எதிர்பாராதது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய கடிகாரத்திலேயே நின்றதனால், வவுனியாவைத் தாண்டினால் கைக்கடிகாரத்தையும் திருக வேண்டியிருந்தது. ஏதோ ஒரு வடிவில் இந்தக் குளறுபடி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. திரும்பப் பழைய ஐந்தரை மணிக்குப் போகலாம் என்றபோது, கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க் அது வேண்டாமென்று ஆட்சேபம் தெரிவித்தார்.

தோட்டத்தில் புது டைம், பழைய டைம் என்று இரண்டு டைம் வந்து சேர்ந்தன. பெரட்டு புது டைம். ஆனால் மேகம் கவிந்த மலையில் அது இருட்டாகவே இருந்ததனால், டோர்ச் அடித்துக்கொண்டு போய்ப் பேர் கொடுத்தார்கள். கோயில் பூசாரி மட்டும், ராகு காலம் சூரியனை வைத்துக் கணிப்பது, ஜனாதிபதியை வைத்துக் கணிப்பதல்ல என்று சொல்லிப் பழைய டைமை விடவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் முகூர்த்தத்துக்குக் கீழே 'பழைய நேரப்படி' என்று அடைப்புக்குறிக்குள் அச்சடிக்கும் வழக்கம் அப்போது வந்ததுதான்.

என் இளைய மகள் கல்யாணம் அந்த ஆவணியில் நடந்தது. முகூர்த்தம் பழைய நேரப்படி. விருந்துக்குச் சொன்னது புதிய நேரப்படி. மாப்பிள்ளை வீட்டார் தலவாக்கலையிலிருந்து வானில் வந்தார்கள். தாலி முறைப்படி வேளைக்கு ஏறியது. தகராறு சாப்பாட்டுப் பந்தியில் வந்தது. காத்திருப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசி அழைத்து வந்த வான்காரர், தாம் புறப்பட்டது ஐந்தரைக்கு, இப்போது பன்னிரண்டரை, ஆக ஏழு மணி நேரம் என்று கணக்குச் சொன்னார். சம்பந்தி எழுந்து, "தம்பி, அஞ்சரை பழைய டைம், பன்னண்டரை புது டைம், ஆறு மணிதான் ஆவுது" என்றார். வான்காரர் தம் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்ட, சம்பந்தி பூசாரியைச் சாட்சிக்கு அழைக்க, பூசாரி தமக்குப் புது டைம் தெரியாது என்று ஒதுங்கிக்கொள்ள, ரசமும் பாயசமும் அந்த வழக்கின் நடுவிலேயே பரிமாறப்பட்டன. அம்மா, கைலாகு கொடுத்து எழுப்ப வேண்டிய வயசிலும், "டைம் ஏறினா கூலியும் ஏறணும்ல, அவன் கேக்கிறது நாயந்தானே" என்று வான்காரர் பக்கம் சேர்ந்துகொண்டாள். கடைசியில் ஆறரை மணிக்குக் கூலி என்று இரண்டு தரப்பும் இணங்கின. அக்டோபர் 26ஆம் திகதி அரசாங்கமும் புது டைமிலிருந்து அரை மணியைக் குறைத்துக்கொண்டு, சரியாக எங்கள் வான்காரரும் சம்பந்தியும் நின்ற இடத்திலேயே வந்து நின்றது.